காட்டேரிக் காதல் நாவல் வாங்குமுன் வாசகர் கருத்துகளைப் படிப்பது எப்படி

யங் அடல்ட் பாரானார்மல் ரொமான்ஸ், அதாவது பதின்வயதினருக்கான அமானுஷ்யக் காதல் நாவல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. பதினேழு வயது நாயகி, புது ஊர், புதுப் பள்ளி, யாரோடும் ஒட்டாத ஒரு பையன், அவன் மனிதனே இல்லை. அட்டை பிரமாதம். வாங்கலாமா என்று வாசகர் கருத்துகளைத் திறந்தால் ஒருவர் "விடியும்வரை தூங்கவில்லை, அழுதுகொண்டே முடித்தேன்" என்கிறார், அடுத்தவர் "இதற்காகவா மரத்தை வெட்டினார்கள்" என்கிறார். இரண்டு பேரும் படித்தது ஒரே புத்தகம்தான், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்த வகை நாவலுக்கு வரும் கருத்து, புத்தகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த வாசகர் எதைத் தேடி வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறது. அதைப் பிடித்துவிட்டால் ஒருவர் திட்டுவதே உங்களுக்குப் பரிந்துரையாக மாறிவிடும். எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம்.

ஸ்டாரை முதலில் மறந்துவிடுங்கள்

சராசரி ரேட்டிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். தளத்துக்குத் தளம் ஸ்டாரின் மதிப்பே வேறு. வாசகர்கள் புத்தகங்களுக்கு ஸ்டாரும் கருத்தும் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு ஸ்டார் என்றால் 'பரவாயில்லை', மூன்று என்றால் 'பிடித்தது' என்ற பொருளில் அந்தத் தளமே விளக்கம் வைத்திருக்கிறது. அமேசானிலோ அதே மூன்று ஸ்டார் குறை சொல்லும் கருத்துகளோடு சேர்த்துக் காட்டப்படும். அதே மாதிரி வாசகர் தளமான ஸ்டோரிகிராஃபில் கால் ஸ்டார்வரை பிரித்துப் போடலாம். அதனால் ஓரிடத்தில் 3.7, இன்னோரிடத்தில் 4.4 என்று பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை, இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை.

தொடர் நாவல் என்றால் இன்னொரு சிக்கல். இந்த வகையில் பெரும்பாலும் மூன்று பாகமாவது இருக்கும். முதல் பாகம் பிடிக்காதவர் இரண்டாவதைத் தொடவே மாட்டார், ஆகவே இரண்டாம் மூன்றாம் பாகங்களுக்கு ஸ்டார் போடுகிறவர்கள் ஏற்கெனவே ரசிகர்களாகிவிட்டவர்கள். மூன்றாம் பாகத்துக்கு ரேட்டிங் ஏறியிருக்கிறது என்பதற்காக எழுத்து தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே தேறியும் இருக்கலாம், எண் மட்டும் அதைச் சொல்லாது.

நான் படிக்கும் வரிசை இது: முதலில் மூன்று ஸ்டார், பிறகு இரண்டு, அப்புறம் நீளமாக எழுதப்பட்ட ஐந்து ஸ்டார் ஒன்றிரண்டு, கடைசியாக ஒரு ஸ்டார். மூன்று ஸ்டார் போட்டவர் புத்தகத்தை முடித்திருப்பார், பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். ஒரு ஸ்டாரில் நிறையப் பேர் பாதியிலேயே மூடியவர்கள். 'டிஎன்எஃப்' என்று போட்டிருந்தால் முடிக்கவில்லை என்று பொருள். அது ஒன்றும் குற்றமில்லை, எந்த இடத்தில் மூடினார் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு நல்ல தகவலும்கூட. பத்துப் பேர் ஏறக்குறைய ஒரே அத்தியாயத்தில் மூடியிருக்கிறார்கள் என்றால் அந்த அத்தியாயத்தில் ஏதோ இருக்கிறது.

ஐந்து ஸ்டார்களிலும் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் நாயகன் பெயரை மட்டும் பத்துத் தடவை எழுதி இதயம் போட்டிருக்கிறார்களா? நாயகி பெயர் ஒருவர் எழுத்திலும் இல்லையா? சரி, அது நாயகனுக்காகப் படிக்கிற புத்தகம். அப்படிப்பட்ட புத்தகமும் ஒரு மழை நாளுக்குத் தேவைதான், ஆனால் தெரிந்தே வாங்குங்கள்.

அவர் எந்தப் பக்கமிருந்து வந்தவர்?

இதுதான் முக்கியம். பாரானார்மல் ரொமான்ஸுக்குள் இரண்டு பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒரு கூட்டம் காதல் கதை வாசகர்கள், இன்னொரு கூட்டம் ஃபேன்டஸி, அதாவது மாயாஜாலக் கதை வாசகர்கள். அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் ரொமான்ஸ் நாவலுக்கு இரண்டே அடையாளங்கள் சொல்கிறது: காதல் கதை மையமாக இருக்க வேண்டும், முடிவு மனம் நிறையும்படி நம்பிக்கையோடு இருக்க வேண்டும். காதல் பக்கமிருந்து வருகிறவருக்கு இது கிட்டத்தட்ட ஒப்பந்தம் மாதிரி. காதலர்களில் ஒருவர் கடைசிப் பக்கத்தில் செத்துப்போனால் அவர் ஒரு ஸ்டார் போடுவார், அந்த மரணம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும். ஃபேன்டஸி பக்கமிருந்து வந்தவர் அதே முடிவை "துணிச்சல்" என்று பாராட்டுவார்.

ஃபேன்டஸி வாசகரின் கவலை வேறு. காட்டேரிக்கு வெயில் ஆகாது என்று முதல் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு இருபதாவது அத்தியாயத்தில் அவனைக் கடற்கரைக்கு அனுப்பினால் அவருக்குப் பொறுக்காது. ஓநாய் மனிதர்கள் கூட்டத்தில் தலைவனை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், மந்திரத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, இவ்வளவு நடந்தும் ஊர் போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது, இதெல்லாம் அவருடைய கேள்விகள். "உலகம் சரியாகக் கட்டப்படவில்லை" என்று அவர் எழுதினால் உங்களுக்கு அது உறுத்துமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உறுத்தும். இரண்டு பேர் மழையில் நின்று பேசும் காட்சி நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை.

எந்தப் பக்கத்து ஆள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் பெயரைத் தொட்டு உள்ளே போய், வேறு எதற்கெல்லாம் ஐந்து ஸ்டார் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். குட்ரீட்ஸில் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஷெல்ஃப் வைத்து அதற்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொள்ளலாம். அந்தப் பெயர்களே பாதி ஜாதகம். வரலாற்று நூல்களும் கடினமான அறிவியல் புனைகதைகளும் நிறைந்த ஷெல்ஃபில் இந்த ஒரு காட்டேரி நாவல் மட்டும் தனியாக நின்றால், யாரோ வற்புறுத்திப் படிக்க வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பத் திரும்ப வரும் குறைகளும் அவற்றின் உண்மையான பொருளும்

இந்த வகையைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏழெட்டு விஷயங்களையே திட்டுகிறார்கள். ஒவ்வொன்றையும் உங்கள் ரசனைக்கு ஏற்ப மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

'இன்ஸ்டா லவ்' என்பதுதான் அதிகம் வரும். பார்த்த மறுநாளே உயிரைக் கொடுக்கிறார்கள் என்ற புகார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாரானார்மல் கதைகளில் 'விதிக்கப்பட்ட ஜோடி' என்று ஓர் ஏற்பாடு உண்டு, குறிப்பாக ஓநாய்க் கதைகளில். உடம்பும் ஆவியும் முதலிலேயே அடையாளம் கண்டுகொள்ளும், மனசுதான் பின்னால் வரும். அந்த ஏற்பாட்டை ரசிப்பவருக்கு அவசரக் காதல் குறையாகவே படாது, அவருக்கு வேண்டியதே அதுதான். ஆகவே "இன்ஸ்டா லவ், சகிக்கவில்லை" என்று பார்த்தால் கூடவே விதி, பிணைப்பு, ஜோடி மாதிரியான சொற்கள் வருகின்றனவா என்று தேடுங்கள். வந்தால் நாவல் தெரிந்தேதான் அப்படிச் செய்கிறது. வராவிட்டால் எழுதியவர் காதலை வளர்க்கச் சோம்பல்பட்டிருக்கலாம். இதற்கு நேர் எதிர் 'ஸ்லோ பர்ன்', மெதுவாக வளரும் காதல். அதைப் பாராட்டி எழுதியிருந்தால் பொறுமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் இரண்டாம் பாகம்வரை கையைக்கூடத் தொடமாட்டார்கள்.

முக்கோணக் காதல் அடுத்தது. முதல் பாகத்தின் கருத்துகளில் இது பெரிய தொல்லையாகத் தெரியாது. இதற்குத்தான் பின்வரும் பாகங்களின் கருத்துகளை மேலோட்டமாகப் புரட்ட வேண்டும். "இன்னும் முடிவு செய்யவில்லை", "மூன்றாவது பாகத்திலும் அதே இழுபறி" என்று வந்தால் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தலாம். ஸ்பாய்லர் பயம், அதாவது கதை முன்பே தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குட்ரீட்ஸில் ஸ்பாய்லரை மறைத்து வைக்கும் வசதி உண்டு, ஆனால் எல்லோரும் பயன்படுத்துவதில்லை.

"நாயகிக்கு முதுகெலும்பு இல்லை" என்பதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். சில சமயம் அது நியாயம்: முந்நூறு பக்கத்தில் அவள் தானாக எடுத்த முடிவு ஒன்றுகூட இருக்காது, எல்லாம் அவளுக்கு நடக்கும். சில சமயம் அவள் பயந்தாள், அழுதாள், வாளைத் தூக்கவில்லை என்பதற்காகவே இந்தப் பட்டம் கிடைத்திருக்கும். பதினாறு வயதுப் பெண் பயப்படுவது குறையா என்ன? கருத்து எழுதியவர் ஒரு காட்சியைச் சொல்லிக் காட்டியிருந்தால் நம்புங்கள், வெறும் பட்டம் மட்டும் என்றால் தள்ளிவிடுங்கள்.

"அப்பா அம்மா எங்கே போனார்கள்?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். இந்த வகையில் பெற்றோர் வெளியூர், இல்லையென்றால் இறந்துபோயிருப்பார்கள், இல்லையென்றால் இரவு வேலை. கதை நகர வேண்டுமென்றால் பிள்ளைகள் நள்ளிரவில் காட்டுக்குப் போக வேண்டும், அதற்காக எழுத்தாளர் செய்யும் ஏற்பாடு. இதற்காக ஒரு புத்தகத்தை ஒதுக்க வேண்டாம்.

கிளிஃப்ஹேங்கர், அதாவது உச்சத்தில் தொங்கலில் விடும் முடிவு பற்றிய புகாரோ வேறு மாதிரி, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "கதை பாதியில் நிற்கிறது" என்று பலர் சொன்னால் நிற்கத்தான் செய்யும். தொடர் முடிந்துவிட்டதா, அடுத்த பாகம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நடுவில் கைவிடப்பட்ட தொடர்கள் உண்டு, அந்த வலி சொல்லி மாளாது.

தூங்கும் பெண்ணை ஜன்னலோரம் நின்று பார்ப்பவன்

இந்தப் புகாரைத் தனியாக எடுக்கிறேன், ஏனென்றால் ரசனை வேறுபாடு என்று தாண்டிப்போக முடியாத இடம் இது. அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வருகிறான், யாரோடு பேசலாம் என்று கட்டளையிடுகிறான், "உன் நல்லதுக்குத்தான்" என்று வண்டியின் பாகத்தைக் கழற்றி எங்கும் போகவிடாமல் செய்கிறான், கதை அதையெல்லாம் காதலின் ஆழமாகக் காட்டுகிறது. வாசகர் கருத்துகளில் இதைப் பற்றி எழுதுபவர்களை "சும்மா கதைதானே" என்று கீழே ஒருவர் மடக்கப் பார்ப்பார். மடக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது, நாவலுக்குள்ளேயே யாராவது அதைத் தப்பு என்று சொல்கிறார்களா, நாயகி எதிர்த்து நிற்கிறாளா, அவன் அதற்கு ஏதாவது விலை கொடுக்கிறானா என்பதைத்தான். நல்ல கருத்து எழுதுபவர் இதைக் குறிப்பிட்டிருப்பார்.

வயதும் அப்படித்தான். நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தவன் பள்ளி மாணவியைக் காதலிப்பது இந்த வகையின் பழைய வழக்கம். 2005ல் வந்த ட்வைலைட் என்ற காட்டேரிக் காதல் நாவலின் நாயகன் பதினேழு வயதில் 1918ல் காட்டேரியானவன். சிலருக்கு இது கதை விளையாட்டு, சிலருக்கு ஜீரணமாகாது. இரண்டு பேரும் கருத்துப் பக்கத்தில் இருப்பார்கள்.

இங்கே கருத்து எழுதுகிறவரின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். யங் அடல்ட் என்பது பொதுவாக 12 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு என்று சொல்லப்பட்டாலும், வாங்குகிறவர்கள் அவர்கள் மட்டுமில்லை. 2012ல் அமெரிக்காவில் பௌக்கர் என்ற நூல் சந்தை ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வில் இந்த வகை நூல்களை வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதோ அதற்கு மேலோ உள்ளவர்கள் என்று தெரியவந்தது. ஆக முப்பத்தைந்து வயது வாசகர் "பள்ளிக்கூடப் பேச்சு அதிகம், சிறுபிள்ளைத்தனம்" என்று எழுதியிருந்தால், பதினைந்து வயது வாசகருக்கு அது பாராட்டாகக்கூட இருக்கலாம். திருப்பியும் நடக்கும்: சூடான காட்சிகளைக் கேட்டு வருகிற பெரியவர் "கதவைச் சாத்திவிட்டார்கள்" என்று குறைப்படுவார். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் குறைதான் உங்களுக்கு வேண்டிய தகவல். 2009 வாக்கில் 'நியூ அடல்ட்' என்று ஒரு பிரிவைப் பதிப்பகத்தார் பேச ஆரம்பித்தார்கள், கல்லூரி வயது நாயகர்கள், கொஞ்சம் அதிகமான நெருக்கம். அது யங் அடல்ட் அலமாரியில் கலந்து வைக்கப்படுவதும் நடக்கிறது, "இது யங் அடல்ட் இல்லை" என்று யாராவது எழுதியிருந்தால் சட்டென்று நின்று படியுங்கள். வன்முறை, தற்கொலை, ரத்தம் மாதிரியான உள்ளடக்க எச்சரிக்கைகளுக்கு ஸ்டோரிகிராஃப் வசதியானது, வாசகர்களே எந்த அளவுக்கு இருக்கிறது என்று குறித்துவைக்கிறார்கள்.

தேதி, இலவசப் பிரதி, கூட்டுத் தாக்குதல்

கருத்தின் தேதியைப் பாருங்கள். 2008ல் ட்வைலைட் படமும் வந்த பிறகு காட்டேரி நாவல்கள் வரிசையாக வந்து குவிந்தன. அந்தக் காலத்து வாசகர் "இன்னொரு காட்டேரியா" என்று சலித்துப்போய் எழுதியதை, இன்றைக்கு முதல் தடவையாக இந்த வகையைத் தொடும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

புத்தகம் வெளியாகும் முன்பே கருத்துகள் இருக்கிறதே, எப்படி? பதிப்பகங்கள் முன்கூட்டியே வாசகர்களுக்கு இலவசப் பிரதி தரும், நெட்கேலி மாதிரியான தளங்கள் வழியாக மின்பிரதியாகவும் போகும். 'ஏஆர்சி' என்று கருத்தில் இருந்தால் அதுதான். அமெரிக்காவில் இலவசமாக வாங்கிக்கொண்டு எழுதுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வர்த்தக ஆணையம் 2009லேயே வலைப்பதிவர்களுக்கும் சேர்த்து வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. இலவசப் பிரதி வாங்கியவர் எல்லாம் புகழ்ந்துதான் எழுதுவார் என்றில்லை, சிலர் கறாராகவே எழுதுகிறார்கள். ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய கருத்துகளில் அந்த எழுத்தாளரை ஏற்கெனவே விரும்புகிறவர்கள் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. வெளியாகி இரண்டு மாதம் கழித்து வந்தவற்றையும் சேர்த்துப் படித்தால் சமன் ஆகும்.

இன்னொன்று, ஒரே வாரத்தில் ஒரு ஸ்டார்கள் மழைபோல் கொட்டியிருந்தால் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் போட்டார்களா என்று சந்தேகப்படுங்கள். எழுத்தாளர் எங்கோ சொன்ன ஒரு வார்த்தைக்கு, நாயகன் நாயகி யார் என்ற ரசிகர் சண்டைக்கு, அட்டைப் படத்துக்குக்கூட இது நடக்கும். காட்சி, பாத்திரம், வசனம் என்று உள்ளே இருக்கும் எதையும் தொடாத கோபம் என்றால் உங்களுக்கு அதனால் பயனில்லை.

நீங்கள் எழுதும் முறை வரும்போது

படித்து முடித்துவிட்டு நாலு வரி எழுதலாம் என்று தோன்றினால், எழுதுங்கள். பெரிய விமர்சனம் தேவையில்லை. எந்தப் பக்கத்து ஆள் நீங்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்கு மெதுவாக வளரும் காதல்தான் பிடிக்கும், முக்கோணம் ஆகாது." இந்த ஒரு வரி வந்துவிட்டால் கீழே நீங்கள் எவ்வளவு திட்டினாலும் படிப்பவர் தன் கணக்கைப் போட்டுக்கொள்வார்.

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், பின் அட்டையிலேயே இருக்கிறது. அதற்குப் பதில் வேகம் எங்கே தொய்ந்தது, எங்கே பிடித்தது என்று சொல்லுங்கள். "போர் அடித்தது" என்பதைவிட "முதல் நூறு பக்கம் பள்ளி உணவுக்கூடத்தைத் தாண்டவே இல்லை, பிறகு ஆவி வந்ததும் நிற்கவில்லை" என்பது எவ்வளவோ மேல். நாயகி என்ன முடிவெடுக்கிறாள் என்பதைக் கதையை உடைக்காமல் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். நெருக்கக் காட்சிகள் எந்த அளவு என்று ஒரு வரி போடுங்கள், இளையவர்களுக்கு வாங்குகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பாகம் முழுமையாக முடிகிறதா, தொங்கலில் விடுகிறதா என்பதும் ஒரு வரி.

மொழிநடை பற்றி எழுதும்போது உதாரணம் இல்லாமல் எழுத வேண்டாம். 'நடை சுமார்' என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. நாயகனின் கண் நிறம் இருபது தடவை வருகிறது என்றால் உடனே விளங்கும், சிரிப்பும் வரும்.

புத்தகத்தைத் திட்டுங்கள், அதைப் படிக்கிறவர்களைத் திட்டாதீர்கள். இந்த வகையை விரும்பும் பெண்பிள்ளைகளைக் கேலி செய்யும் கருத்துகளுக்கு எப்போதும் பஞ்சமில்லை, இன்னொன்று தேவையில்லை. அப்புறம், ஒரு ஸ்டார் போட்டுவிட்டு எழுத்தாளரைச் சமூக வலைத்தளத்தில் டேக் செய்து காட்ட வேண்டாம், நீங்கள் எழுதுவது அடுத்து வாங்கப்போகிற வாசகருக்கு. எழுத்தாளருக்குப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் அவரே தேடிவந்து படித்துக்கொள்வார்.